பெற்ற உதவியைப் பெருக்கியவர்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறாவது ஆண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில், மருத்துவத் துறையில் முன்னோடியாக விளங்கிய பெண்மணி ஒருவரைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மிடம் கேட்டனர். உடனே நினைவுக்கு வந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பள்ளி நாட்களில் பொதுஅறிவுப் போட்டிகளுக்காக அவரைப் பற்றி ஒரு வரி மனனம் செய்தோம். பிரித்தானிய இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதற் பெண் என்பதே அந்த வரி. அவரைப் படிப்பித்தது யார், அவருடைய மேற்பயிற்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது, அந்தப் பணம் பின்னர் என்னவாக வளர்ந்தது என்பதை அப்போது நாம் கேட்கவில்லை. நூற்றாண்டு நிதியை எதற்குச் செலவிடுவது என்று சங்கத்தில் பேச்சு நடக்கும் இந்நாளில், அந்தக் கணக்கையே இங்கு எழுத விரும்புகிறோம்.

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு யூலை 30ஆம் திகதி புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற் பிறந்தார். தந்தையார் நாராயணசுவாமி ஐயர், அங்கிருந்த மகாராசா கல்லூரியின் அதிபர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இத்திருமணத்தை ஐயரின் சுற்றத்தார் ஏற்கவில்லை. எமது ஊர்க் கோயில்களிலும் திருவிழாக் காலங்களிற் சின்னமேளம் ஆடியதை எமது பாட்டிமார் அறிவர். ஆடியவர்களைப் பார்க்கக் கூட்டம் கூடிற்று. ஆனால் அவர்களுடைய பிள்ளைகளைத் தம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருத்தச் சமூகம் விரும்பவில்லை. புதுக்கோட்டையிலும் நிலைமை அதுவே.

பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் பாடசாலையை விட்டு நிறுத்துவது அக்கால வழக்கம். முத்துலட்சுமியும் நிறுத்தப்பட்டார். ஆயினும் வீட்டிலிருந்தே படித்து 1902இல் மெற்றிக்குலேசன் தேறினார். அடுத்து மகாராசா கல்லூரியிற் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்புக் கிளம்பிற்று. ஆண்கள் படிக்கும் இடத்திற் பெண்ணா என்பது ஒரு குறை. தாயாரின் குலம் இன்னொரு குறை. அவற்றைப் பொருட்படுத்தாமல் மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி வழங்கினார். புலமைப்பரிசிலும் கொடுத்தார். முத்துலட்சுமியின் வாழ்வுக் கணக்கில் முதல் வரவு இதுதான்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். வகுப்பிற் பெண்களை விரும்பாத பேராசிரியர்களும் அங்கிருந்தனர். உடல்நலமும் அவருக்கு அவ்வளவு நன்றாக இருக்கவில்லை. எனினும் 1912இற் சிறப்பாகத் தேறி வைத்தியரானார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணம் முடித்தபோது, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தமது பணிக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை வைத்தார். அவரும் அதை ஏற்று நடந்தார். இரண்டு ஆண்மக்கள் பிறந்தனர். சென்னையிற் பெண்களும் குழந்தைகளும் தேடிவரும் வைத்தியராகப் பெயர் பெற்றார். நல்ல வருமானமும் இருந்தது. அத்தோடு நின்றிருந்தாலும் குறை சொல்ல யாருமில்லை.

1920களின் தொடக்கத்தில் அவருடைய இளைய சகோதரி நோயுற்றார். வயிற்றுளைவு என்று எண்ணி வைத்தியம் நடந்தது. உண்மையில் அது மலக்குடற் புற்றுநோய். தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. வைத்தியராயிருந்தும் சொந்தச் சகோதரியைக் காப்பாற்ற முடியாமற் போனது அவரை இறுதிவரை வருத்திற்று. வைத்தியர்களாகிய எமக்கு இப்பகுதியை எழுதுவது எளிதன்று. மார்பிற் கட்டி இருப்பதை அறிந்தும் மாதக்கணக்கில் மறைத்துவைத்துவிட்டு வரும் தாய்மாரையும், மூலவியாதி என்று நினைத்து இரத்தப்போக்கைப் பொறுத்துக்கொண்டவர்களையும் இன்றும் கிளினிக்கிற் பார்க்கிறோம். நூறு ஆண்டுகளில் மருந்தும் இயந்திரமும் மாறிவிட்டன. தாமதம் இன்னும் முற்றாக மாறவில்லை.

1925இல் அவருக்கு அரச உதவி கிடைத்தது. மேற்பயிற்சிக்காக அவ்வுதவியுடன் இலண்டன் சென்றார். முப்பத்தொன்பது வயது, குடும்பம், ஓடிக்கொண்டிருந்த தொழில், இவை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு மீண்டும் மாணவியாகப் போவது சிறிய காரியமா? நாற்பதை எட்டிப் பார்க்கும் எமக்கு அது நன்றாகப் புரிகிறது. சென்றது பெண்கள், குழந்தைகள் நோய்களைக் கற்கவே. ஆனால் இலண்டனிலிருந்த அரச புற்றுநோய் மருத்துவமனையிற் பெற்ற பயிற்சிதான் அவருடைய எஞ்சிய வாழ்வைத் தீர்மானித்தது. சகோதரியைக் கொன்ற நோய்க்கென்று தனி மருத்துவமனை இருக்கக்கூடும், ஆரம்பத்திற் கண்டால் குணமாக்கவும் கூடும் என்பதை அங்கே நேரிற் கண்டார். அடுத்த ஆண்டு பாரிசில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டிற் கலந்துகொண்டு நாடு திரும்பினார்.

திரும்பியதும் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1927இற் சபை அவரைத் துணைத்தலைவராகவும் தெரிவு செய்தது. அங்கே அவர் எடுத்த விடயங்களைப் பார்த்தால், தமக்குக் கிடைத்த வாய்ப்புகளை மற்றப் பெண்களுக்கும் வரிசையாகக் கேட்டுப் பெறுவதுபோல் இருக்கும். ஏழைப் பெண்பிள்ளைகளின் கல்விக்குச் சலுகை, தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில், முஸ்லிம் மாணவியருக்கு விடுதி, பாடசாலைப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியசாலை வசதி ஆகியவற்றுக்காக வாதாடினார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1929இற் கோயில் மானிய நிலங்கள் பற்றிய சட்டத் திருத்தமாகவும், 1947இல் முழுமையான தடைச் சட்டமாகவும் முடிந்தது. இதற்காக அவர் கேட்ட ஏச்சுப் பேச்சுக் கொஞ்சமன்று. 1930இற் காந்தியடிகள் கைதானபோது பதவியைத் துறந்து வெளியேறினார்.

சட்டம் மட்டும் போதாது என்பதை அதே ஆண்டில் ஒரு நிகழ்வு உணர்த்திற்று. தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த சில இளம்பெண்கள் அடைக்கலம் தேடி அவரிடம் வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் முன்வரவில்லை. ஆகவே தமது வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஒளவை இல்லம் இவ்வாறுதான் தொடங்கிற்று. பின்னர் அடையாறிற் சொந்த இடத்துக்கு மாறிப் பெரிதாக வளர்ந்தது. உணவும் உடையும் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. பாடசாலையும் பயிற்சியும் ஏற்படுத்தி, அங்கு வளர்ந்தவர்கள் ஆசிரியைகளாகவும் தாதியராகவும் சொந்தக்காலில் நிற்க வழி செய்தார். சமூகப்பணி என்பதை இன்று பட்டப்படிப்பாகப் படிக்கிறோம்; அவர் அதை வீட்டு முற்றத்தில் நடத்திக் காட்டினார்.

புற்றுநோய் மருத்துவமனைக் கனவு மட்டும் எளிதில் நிறைவேறவில்லை. 1935இற் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலேயே அதைப் பேசினார். பல ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. எப்படியும் இறந்துபோகும் நோயாளருக்கு ஏன் இவ்வளவு செலவு என்ற எண்ணம் அதிகாரத்தில் இருந்தவர்களிடமே காணப்பட்டது. அரசிடம் முற்றிலும் தங்கியிராமல் அவர் பெண்களிடம் சென்றார். இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் 1949இற் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அப்போது அவருக்கு அறுபது கடந்துவிட்டது. அந்த வயதிலும் நிதிக்காக ஓயாமல் அலைந்தார். 1952 ஒக்டோபரிற் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 யூன் 18ஆம் திகதி அடையாறிற் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அன்று அங்கிருந்தவை 12 கட்டில்கள். இலண்டனில் அவர் கண்டதற்கும் அடையாறில் அமைந்ததற்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்.

கட்டடத்தை மட்டும் அவர் விட்டுச் செல்லவில்லை. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டிற் புற்றுநோய் மருத்துவம் பயின்று வந்து நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். 1955இல் இளம் வைத்தியர் சாந்தா, அரச சேவையிற் கிடைத்த பதவியை விட்டு அங்கு சேர்ந்தார். இருவரும் தம் வாழ்நாளையே அங்கு செலவிட்டனர். சிகிச்சையோடு ஆராய்ச்சியும் நடந்தது. நோயாளரின் விபரங்களைப் பதிவு செய்து, யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்று ஆராயும் வழக்கம் வேரூன்றிற்று. 1980களிற் சென்னை நகருக்கான புற்றுநோய்ப் பதிவேடு அங்கிருந்து நடத்தப்பட்டது. புற்றுநோய் மருத்துவத்தில் உயர்பட்டப் பயிற்சியும் 1984இல் அங்கு தொடங்கிற்று. ஒருவருக்குக் கொடுத்த பயிற்சிப் பணம் இவ்வாறு பலரைப் பயிற்றும் இடமாயிற்று. டாக்டர் சாந்தா 2005இல் மக்சேசே விருது பெற்றார். 2021இற் காலமாகும்வரை அந்நிலையத்தை விட்டு அகலவில்லை.

முத்துலட்சுமி அம்மையாருக்கு 1956இற் பத்மபூசன் விருது வழங்கப்பட்டது. 1968 யூலை 22ஆம் திகதி அவர் காலமானார். கர்ப்பிணித் தாய்மாருக்கான நிதியுதவித் திட்டமொன்றைத் தமிழ்நாட்டு அரசு அவர் பெயரால் நடத்துகிறது. அவருடைய பிறந்த நாளை அங்குள்ள அரச மருத்துவமனைகள் மருத்துவமனை நாளாகக் கொண்டாடுகின்றன.

இனி எமது கணக்குக்கு வருவோம். எம்மில் வைத்தியராகவும் தாதியராகவும் ஆசிரியைகளாகவும் இருப்போரிற் பெரும்பாலோர் இலவசக் கல்வியாற் படித்தவர்கள். மன்னர் கொடுத்த புலமைப்பரிசிலுக்குப் பதிலாக எமக்குக் கிடைத்தது, ஊர் பேர் தெரியாத மக்களின் வரிப்பணம். எம்மிற் பலர் இன்று கடல்கடந்து வாழ்கிறார்கள். போர் துரத்தியதாற் போனவர்களும் உண்டு, பிள்ளைகளுக்காகப் போனவர்களும் உண்டு. அதைக் குறையாகச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் வாங்கியது வாங்கியதுதான். அதைத் திருப்பிக் கொடுக்க ஊருக்கு வந்துதான் ஆகவேண்டும் என்றில்லை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து மக்கள் திரட்டிய பணம் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலையாக எழுந்து நிற்கிறது. அதற்குக் கொடுத்தவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள்.

நூற்றாண்டு நினைவாக நுழைவாயில் வளைவு கட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். மண்டபத்தைத் திருத்தலாம் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் நல்ல எண்ணந்தான். எம் கல்லூரியின் முகப்பு அழகாயிருப்பதை நாமும் விரும்புகிறோம். எனினும் அந்நிதியில் ஒரு பங்கையாவது எமது மாணவிகளின் தொழிற்பயிற்சிக்கென ஒதுக்க வேண்டும் என்று தாழ்மையாகக் கேட்கிறோம். உயர்தரத்திற் பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளையிடமும் திறமை இருக்கிறது. தாதியர் பயிற்சி, சமூகப்பணிக் கல்வி, உளவளத்துணை, ஆய்வுகூடத் தொழில்நுட்பம் எனப் பல வழிகள் உண்டு. எங்கு விண்ணப்பிப்பது என்று தெரியாமலும், தங்குமிடச் செலவுக்கு வழியில்லாமலும் அவ்வழிகள் அடைபட்டுப் போகின்றன. விண்ணப்பம் கோரும் அறிவித்தல்களைத் தேடி எடுத்து, படிவத்தை நிரப்பப் பக்கத்திலிருந்து உதவும் ஓர் அக்கா இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அதற்குப் பணம் கூடத் தேவையில்லை.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. ஏற்கனவே பணியில் இருப்போருக்கும் சிறிய ஆய்வு உதவி வேண்டும். ஒரு குடும்பநல உத்தியோகத்தர் தமது பிரிவிலுள்ள பெண்கள் மார்புக் கட்டியைக் கண்ட நாளுக்கும் வைத்தியசாலைக்கு வந்த நாளுக்கும் இடையே எத்தனை மாதங்கள் சென்றன, ஏன் சென்றன என்று கேட்டு எழுதினால் அது நல்ல ஆய்வு. உரிய அனுமதியும், வழிகாட்ட ஒருவரும், அச்சுக்கும் பஸ்ஸுக்கும் கொஞ்சம் காசும் இருந்தாற் போதும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலே பணிபுரியும் எமது சகோதரிகள் தொலைபேசியிலேயே வழிகாட்டலாம். உதவி பெற்றவர் இரண்டு ஆண்டுகளின் பின் இன்னொரு தங்கைக்கு வழிகாட்ட வேண்டும் என்பதை ஒரே நிபந்தனையாக வைக்கலாம்.

புதுக்கோட்டையில் ஒரு பெண்பிள்ளைக்குக் கதவு திறந்தபோது இவ்வளவு நடக்கும் என்று எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். எமது கல்லூரியின் கடைசி வாங்கிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அவளுடைய பெயரைக் கேட்டறிந்து சங்கத்துக்கு எழுதுங்கள். மிகுதியைச் சேர்ந்து செய்வோம்.