காலியாக விட்ட கட்டம்

மாணவர்களே, ஒரு புதிர். ஒரு தனிமத்தின் மேல்வீட்டுக்காரர் சிலிக்கான். அணு எடை 28. கீழ்வீட்டுக்காரர் நம் கிந்தா பள்ளத்தாக்கில் வெட்டியெடுத்த வெள்ளீயம். அணு எடை ஏறக்குறைய 118. நடுவில் இருப்பவர் யார்? சுங்கை சிப்புட்டில் படிவம் நான்கு மாணவர்களிடம் நான் கேட்கும் இந்தப் புதிரைப் போட்டு விடை தேடியவர் ரஷ்ய அறிஞர் டிமித்ரி மெண்டலீவ்.

1834-இல் சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகரில் பிறந்தார். தந்தை பார்வையிழந்ததால், தாய் மரியா கண்ணாடித் தொழிற்சாலை நடத்திக் குடும்பத்தைக் காத்தார். தந்தை 1847-இல் இறந்தார். மறு ஆண்டு தொழிற்சாலையும் தீக்கிரையானது. தாய் தளரவில்லை. கடைக்குட்டி மகனை நெடுந்தூரம் அழைத்துச் சென்று, 1850-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆசிரியர் கல்லூரியில் சேர்த்தார். அதே ஆண்டு அவரும் மறைந்தார்.

1869-இல், அன்று தெரிந்த 63 தனிமங்களை மெண்டலீவ் அணு எடைப்படியும் குணப்படியும் அடுக்கினார். பொருந்தாததைத் திணிக்காமல், சில கட்டங்களைக் காலியாகவே விட்டார். சிலிக்கானுக்குக் கீழிருந்த காலிக் கட்டத்துக்குச் சமஸ்கிருதச் சொல் சேர்த்து ‘ஏக சிலிக்கான்’ என்று பெயரிட்டார். அக்கம்பக்கத் தனிமங்களை வைத்துக் கணக்கிட்டு, அணு எடை 72, அடர்த்தி 5.5 என்று 1871-இல் துணிந்து எழுதினார். தவறியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். 1886-இல் ஜெர்மனியின் விங்க்ளர் ஜெர்மேனியத்தைக் கண்டுபிடித்தார். அணு எடை 72-ஐ ஒட்டியே இருந்தது!

மெண்டலீவ் 1907-இல் காலமானார். 101-ஆவது தனிமம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தெரியாத இடத்தைக் காலியாக விடுவது வெட்கமல்ல. அங்கே என்ன வரும் என்று யோசிக்காமல் இருப்பதுதான் வெட்கம்.