வைகறை மெட்டுத் தந்த வால்டர் காஃப்மன்

தில்லையிலும் கடலூரிலும் பல்லாண்டுகள் எண்ணற்ற இல்லங்களில் பொழுது புலர்ந்தது வானொலியின் தொடக்க மெட்டோடுதான். தம்பூராவின் சுருதிமீது வயலின் இழையும் அந்தச் சிவரஞ்சனிச் சாயலை அமைத்தவர் நாடிழந்த யூதர் ஒருவர் என்பதைக் கேட்டோருள் பலர் அறிந்திலர்.

வால்டர் காஃப்மன் 1907இல் பொஹீமியாவின் கார்ல்ஸ்பாட் நகரில் பிறந்தார். பெர்லினில் இசை பயின்றார். பிராகின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். நெறியாளர் நாஜி இளைஞர் அமைப்பின் தலைவர் என அறிந்ததும் அப்பட்டத்தைப் பெற மறுத்தார். பட்டத்தினும் மானமே அவருக்குப் பெரிதாயிற்று.

ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியேறிய மறு ஆண்டு, 1934இல், பம்பாய் வந்திறங்கினார். நம் இசை முதலில் அவருக்குப் புரியாத புதிராகவே இருந்தது. இத்தனை மக்கள் நேசிக்கும் ஒன்று தமக்கு இனிக்காவிடில் குறை தம் செவியினதே என்று தெளிந்து, கற்கத் தொடங்கினார். அங்கே அறையிசைச் சங்கம் கண்டார். 1937 முதல் 1946 வரை அகில இந்திய வானொலியின் மேனாட்டிசைப் பிரிவை நடத்தினார். புகழ்பெற்ற அந்த மெட்டு அக்காலத்தை ஒட்டிப் பிறந்தது.

அவர் மணந்த கெர்ட்டி, எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் தங்கை எல்லியின் மகள். காஃப்கா 1924இலேயே காசநோயால் மறைந்தார். அவர்தம் தங்கையர் மூவரையும் பின்வந்த கொடுமை விழுங்கியது. எல்லியும் வல்லியும் 1941இல் பிராகிலிருந்து லோட்ஸ் யூதச் சேரிக்குக் கடத்தப்பட்டனர். எல்லியுடன் கெர்ட்டியின் தங்கை ஹன்னாவும் சென்றாள். எவரும் மீளவில்லை. இளையவர் ஓட்லா, 1943 அக்டோபரில் ஆதரவற்ற குழந்தைகளுக்குத் துணையாகத் தாமே முன்வந்து புறப்பட்டு, ஆஷ்விட்சில் மாண்டார். கெர்ட்டி பிழைத்தார், திரும்பிச் சென்று அழைக்கத் தாய்வீடு இல்லை.

போர் முடிந்ததும் காஃப்மனும் பழைய ஊருக்குத் திரும்பவில்லை. இங்கிலாந்து சென்று, பின் கனடாவின் வின்னிபெக் நகரில் சேர்ந்திசைக் குழுவை நடத்தினார். 1957 முதல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். புகலளித்த மண்ணை அவர் மறந்தாரில்லை. வட இந்திய இராகங்கள் பற்றி 1968இலும், மேளகர்த்தா 72இன் வழியே தென்னிந்திய இராகங்கள் பற்றி 1976இலும் பெருநூல்கள் வெளியிட்டார். 1984இல் மறைந்தார்.

செல்லரித்த ஏடுகளிலிருந்து தேவாரம் மீண்ட தில்லைக்கு, அழிவில் எஞ்சியதன் அருமை புதிதன்று. ஓர் இனத்தையே துடைத்தெறிய முனைந்தோர் ஒருபுறம். அவ்வினத்தின் ஏதிலி ஒருவர் அயலார் விடியலுக்கு அளித்த இசை மறுபுறம். எது நிலைத்தது என்பதற்கு நம் காதுகளே சான்று.