ஸ்டான்லி கிராஃபோர்ட்

எர்னஸ்ட் ஸ்டான்லி கிராஃபோர்ட் (1922 - 1992) ஓர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஆவார். மார்பிலிருந்து வயிறு வரை நீளும் பெருந்தமனி வீக்கத்தைச் சீரமைக்கும் அறுவை முறைக்காகவும், அவ்வீக்கங்களை நான்காக வகைப்படுத்தியமைக்காகவும் இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

கிராஃபோர்ட் அலபாமா மாநிலத்தின் எவர்கிரீன் என்னும் ஊரில் பிறந்தார். 1946 ஆம் ஆண்டு ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் பட்டம் பெற்றார். பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பயிற்சி பெற்ற பின், 1954 இல் ஹியூஸ்டனில் உள்ள பெய்லர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு மைக்கேல் டெபேக்கி அறுவை மருத்துவத் துறையின் தலைவராக இருந்தார்.

அறுவை முறை

பெருந்தமனியின் சுவர் நலிந்து பலூன் போல் விரிவதே அனியூரிசம் எனப்படும் வீக்கமாகும். அது வெடித்தால் பெரும்பாலான நோயாளிகள் உயிரிழப்பர். குடல், கல்லீரல், சிறுநீரகங்கள் ஆகியவற்றுக்கான கிளைத் தமனிகள் வீங்கிய பகுதியிலிருந்தே பிரியும்போது அறுவை மிகவும் கடினமாகிறது. 1950களில் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனிச் செயற்கைக் குழாய் பொருத்தப்பட்டது. இதற்கு நெடுநேரம் பிடித்தது. கிராஃபோர்ட் வீக்கத்தைத் திறந்து, செயற்கைக் குழாயை அதனுள்ளேயே வைத்துத் தைத்தார். கிளைகளின் வாய்களைக் குழாயில் வெட்டிய துளைகளோடு நேரடியாக இணைத்தார். இதனால் உறுப்புகள் குருதியின்றி இருக்கும் நேரம் குறைந்தது. இம்முறையை அவர் 1974 இல் விரிவாக வெளியிட்டார்.

வகைப்பாடும் விளைவுகளும்

1986 இல் 605 நோயாளிகளின் அறுவை விளைவுகளை ஆராய்ந்து வெளியிட்டார். வீக்கம் எங்கு தொடங்கி எங்கு முடிகிறது என்பதே இவரது வகைப்பாட்டின் அடிப்படை. மார்பின் மேற்பகுதியில் தொடங்கிச் சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழும் நீள்வது இரண்டாம் வகை. தண்டுவடத்துக்குக் குருதி தரும் சிறு தமனிகள் இதில் மிகுதியாகப் பாதிக்கப்படுவதால், உயிர் பிழைத்தவரும் நடக்க இயலாது போகும் இடர் இவ்வகையிலேயே அதிகம்.

இவ்விடரைத் தடுக்க, தண்டுவட நீரை வடிக்கும் முறையைத் தற்போக்கு ஆய்வு மூலம் சோதித்தார். பயன் காணப்படவில்லை என்ற முடிவை 1991 இல் வெளியிட்டார். அவ்வாய்வில் வடிக்கப்பட்ட நீரின் அளவு 50 மில்லிலிட்டருக்குள் வரையறுக்கப்பட்டிருந்தது.

கிராஃபோர்டின் மறைவுக்குப் பின் 1993 இல், 1960 முதல் 1991 வரை அறுவை செய்யப்பட்ட 1509 நோயாளிகளின் விளைவுகள் வெளியாயின. அவர்களுள் 92 விழுக்காட்டினர் அறுவைக்குப் பின் 30 நாட்களைக் கடந்து வாழ்ந்தனர். 16 விழுக்காட்டினருக்குக் கால்கள் முழுமையாகவோ பகுதியாகவோ செயலிழந்தன. 18 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகச் செயலிழப்பு ஏற்பட்டது.

பிற்காலத் தாக்கம்

பெய்லரில் ஜோசப் கோசெல்லி குழுவினர் தண்டுவட நீரைக் கூடுதலாக வடித்து மீண்டும் ஆய்ந்தனர். 145 நோயாளிகளைக் கொண்ட அவ்வாய்வு 2002 இல் வெளியானது. நீர் வடிக்கப்படாதோரில் 13 விழுக்காட்டினரும், வடிக்கப்பட்டோரில் 2.6 விழுக்காட்டினரும் கால் செயலிழப்புக்கு உள்ளாயினர். பின்னர் இம்முறை பரவலாகக் கைக்கொள்ளப்பட்டது. 2016 இல் அதே குழுவினர் வெளியிட்ட 3309 அறுவைகளின் தொகுப்பில் நிரந்தரக் கால் செயலிழப்பு 2.9 விழுக்காடாகவும், அறுவை இறப்பு 7.5 விழுக்காடாகவும் இருந்தன. கிராஃபோர்டின் வகைப்பாட்டோடு பின்னர் ஐந்தாம் வகையும் சேர்க்கப்பட்டது.