கண்டிமாநகரில் யோசேவாஸ் அடிகள்

ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின், இலங்கைக் கரையோரத்திற் கத்தோலிக்கக் குருமார் எவரும் இலராயினர். கோயில்கள் பறிபோயின. குருவின்றியே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. செபம் வீட்டின் உள்ளறையில் முணுமுணுப்பாய் ஒடுங்கிற்று.

இச்செய்தி கோவாவிலிருந்த ஓர் இளங்குருவின் நெஞ்சைச் சுட்டது. அவரே யோசேவாஸ் அடிகள். 1651ஆம் ஆண்டு பெனோலிம் என்னும் ஊரிற் பிறந்தவர். கொங்கணி அவர் தாய்மொழி. 1687இல் யோவான் என்னும் ஏவலாளனோடு ஏழைக் கூலியாள் கோலம் பூண்டு யாழ்ப்பாணம் சேர்ந்தார். வந்தவுடன் வயிற்றுக்கடுப்பு அவரை வீழ்த்தியது. தேறியபின், கழுத்திற் செபமாலை அணிந்து வீடுதோறும் பிச்சைக்குச் சென்றார். மாலையைக் கண்டு எவர் முகம் மலர்கின்றதோ அவரே தம்மவர் என அறிதற்கு அஃதோர் உபாயம். சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று. 1689ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரைச் சூழ்ந்து பிடித்தனர். அடிகள் தப்பிப் புத்தளம் சென்றார்.

1692இற் கண்டியை அடைந்தவரைப் போர்த்துக்கேய ஒற்றரென்று பழி கூறினர் சிலர். இரண்டாம் விமலதருமசூரியன் அவரைக் காவலில் வைத்தான். காவற்கூடமே அவருக்குக் கல்விக்கூடமாயிற்று. ஆங்கிருந்தே சிங்களம் பயின்றார். வயது நாற்பதைக் கடந்தபின் ஒரு மொழியின் நெடுங்கணக்கிலிருந்து தொடங்குதல் எத்துணை அரிதென்பதை மொழி கற்பிக்கும் எம்மனோர் நன்கறிவர். காவலுள்ளேயே சிறு குடிலொன்று அமைத்துச் செபித்தார் என்றும், நகரத்துக் கத்தோலிக்கர் மறைவாக ஆங்கு வந்து கூடினர் என்றும் அவர் வரலாறு கூறும்.

1696இல் மழையின்றி நாடு வாடியபோது, அடிகள் வெளியில் பீடம் அமைத்துச் செபிக்க மழை பொழிந்தது என்பது வழிவழி வந்த செய்தி. அதனை நம்புவார் நம்புக. அடுத்த ஆண்டு நிகழ்ந்ததோ அற்புதமன்று, உழைப்பு. எமக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகின்றது. 1697இற் கண்டியிற் பெரியம்மை பரவியது. பெற்றார் பிள்ளைகளையும் பிள்ளைகள் பெற்றாரையும் விட்டு ஓடினர். காட்டிலும் தெருவிலும் கிடந்த நோயாளரை அடிகளும் உடனுழைத்த கர்வாலோ அடிகளும் தேடியெடுத்தனர், குடிலமைத்துக் கிடத்தினர், புண் கழுவினர், கஞ்சி ஊட்டினர், இறந்தாரைத் தம் கையாற் புதைத்தனர். நோயாளர் இன்ன சமயத்தார் என்று அவர்கள் வினவினாரல்லர். பௌத்த மன்னனின் தலைநகரிற் கத்தோலிக்கரின் செபம் அச்சமின்றி ஒலித்தற்கு, மழையினும் இக்கஞ்சியே காரணமாயிற்று என்பது எம் துணிபு.

1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். தபசு காலத்தில் ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் ஓதும் வியாகுலப் பிரசங்கம் அவர் ஆக்கமே. உரைநடை வரலாறு எழுதப் புகுவோர் அதனை ஒதுக்கிச் செல்லுதல் தகாது.

யோசேவாஸ் அடிகள் 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆம் நாள் கண்டியில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 59. 2015இற் கொழும்புக் காலிமுகத் திடலிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கண்டிக் கோயில் அழிவுற்றமையால், அவர் உடல் அந்நகரில் எவ்விடத்தே கிடக்கின்றதென்பது இன்றுவரை புலப்படவில்லை.