மர்ஹூம் ஸையித் முஷ்தாக் அலி

வருடக் கடைசியில் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, பேரேட்டை விரித்து ஐந்தொகை போடும் வேளையில் நம்மில் பலர் ஓர் உண்மையைக் கண்டிருப்போம். முந்நூறு நாள் வியாபாரம் சுமாராகவே நடந்திருக்கும். ஆனால் நெருக்கடியான ஒரு நாளில் துணிந்து செய்த ஒரு கொள்முதலோ, நஷ்டத்தையும் பாராமல் காப்பாற்றிய ஒரு வாக்கோதான் அந்தக் கடையை நிலைநிறுத்தி இருக்கும். மொத்த வரவை நாள் கணக்கால் வகுத்துச் சராசரி பார்க்கிறவனுக்கு அந்த ஒரு நாள் கண்ணில் படுவதில்லை. அதன் அருமை முதலாளிக்குத்தான் தெரியும்.

மனிதர்களின் வாழ்க்கையும் இப்படித்தான். அதற்குச் சான்றாக விளங்கிய ஒருவரின் வரலாற்றை வாசக நேயர்கள் முன் வைக்கிறோம். அவர் வியாபாரியும் அல்லர், ஆலிமும் அல்லர். பந்தும் மட்டையும் கொண்டு பெயர் எடுத்தவர். அவர்தான் இந்தூர் ஸையித் முஷ்தாக் அலி அவர்கள்.

கெடா மாநிலத்து நமக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். அலோர் ஸ்டாரிலும் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும், சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களிலும் வளர்ந்த நம் பிள்ளைகளுக்குப் பந்து என்றாலே கால்பந்துதான். வெள்ளைச் சட்டை போட்டு ஆடும் கிரிக்கெட், தோட்டத் துரைமார்களின் கிளப்போடு நின்றுவிட்ட ஆட்டம் என்றே நம் முன்னோர் எண்ணினர். ஆயினும் இந்தியா 1932ல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடியபோது, அந்தப் பதினொருவரில் கோலாலம்பூரில் பிறந்த லால் சிங் என்ற சீக்கியரும் ஒருவர். ஆகவே இந்தக் கதையின் தொடக்கத்திலேயே இந்த மண்ணுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

இளமை

முஷ்தாக் அலி 1914ம் ஆண்டு டிசம்பர் 17ந் தேதி இந்தூரில் பிறந்தார். அது ஹோல்கர் மன்னர்களின் தலைநகரம். அக்காலத்தில் இந்திய கிரிக்கெட்டின் சிங்கமாகத் திகழ்ந்த சி. கே. நாயுடு அந்நகரில் வாழ்ந்தார். பதின்மூன்று வயதுச் சிறுவனான முஷ்தாக்கின் கைத்திறனைக் கண்டு, அவரை அழைத்துப் பழக்கி ஆளாக்கியவர் அந்த நாயுடுவே. ஒரு முஸ்லிம் சிறுவனுக்கு ஓர் இந்துப் பெரியவர் உஸ்தாதாக அமைந்தார். அந்த நன்றியை முஷ்தாக் கடைசிவரை மறந்ததில்லை.

1934 ஜனவரியில், பத்தொன்பதாம் வயதில், கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் முதல் டெஸ்ட் ஆடினார். அன்று அவரைச் சேர்த்துக் கொண்டது இடது கையால் பந்து வீசுவதற்காக. மட்டை பிடிப்பதோ வலது கை. சென்னையின் எம். ஜே. கோபாலனும் அதே பந்தயத்தில்தான் முதன் முதலாக ஆடினார். கோபாலனுக்கு அதுவே கடைசி டெஸ்டாகவும் அமைந்தது. முஷ்தாக்குக்கு இறைவன் வேறொரு நாளை எழுதி வைத்திருந்தான்.

பிளவுபட்ட அணி

1936ல் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. தலைவராகப் போனவர் விஜயநகரம் இளவரசர். செல்வமும் செல்வாக்கும் மிக்கவர், ஆனால் ஆட்டத்தில் அவ்வளவு தேர்ச்சி இல்லாதவர். அணிக்குள் கட்சி கட்டுதல் மலிந்தது. இந்தியாவின் முதல் டெஸ்ட் செஞ்சுரியை அடித்த லாலா அமர்நாத்தை முதல் டெஸ்ட் தொடங்கும் முன்பே கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லார்ட்ஸில் நடந்த அந்த முதல் டெஸ்டில் இந்தியா தோற்றது. முஷ்தாக்கும் சோபிக்கவில்லை.

இரண்டாவது டெஸ்ட் ஜூலை 25ந் தேதி மான்செஸ்டர் நகரில் தொடங்கியது. இந்தியாவின் துவக்க ஆட்டக்காரர்களாக முஷ்தாக் அலியும் விஜய் மெர்ச்சண்டும் இறங்கினர்.

இந்த மெர்ச்சண்டைப் பற்றி நம் வியாபாரிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பம்பாயின் பெரிய ஜவுளி ஆலைக் குடும்பமான தாக்கர்ஸி குடும்பத்துப் பிள்ளை. பள்ளியில் சேர்ந்தபோது ஆங்கிலத் தலைமையாசிரியை பெயரையும் தகப்பனார் தொழிலையும் கேட்க, பையன் விஜய் என்றும் மெர்ச்சண்ட், அதாவது வியாபாரி என்றும் சொன்னானாம். இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டார் அந்த அம்மையார். தொழிலின் பெயரே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது.

ஆட்டத்திலும் மெர்ச்சண்ட் வியாபாரிதான். காசை எண்ணி எண்ணிச் சேர்ப்பதுபோல ரன் சேர்ப்பார், வீண் செலவு கிடையாது. முதல்தர ஆட்டங்களில் அவருடைய சராசரி 71.64. உலகில் பிராட்மனுக்கு அடுத்த இடம் அது. முஷ்தாக் நேர் எதிர். வேகப் பந்து வீச்சாளனை நோக்கி நடந்து போய் அடிப்பார். வலப்புறம் விழும் பந்தை இடப்புறம் தள்ளி ரன் எடுப்பார். ஒரு நாள் அள்ளிக் கொடுப்பார், மறுநாள் வெறுங்கையோடு திரும்புவார். ஒருவர் நிதானம், ஒருவர் துணிவு. கூட்டு வியாபாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி ஏது?

ஆனால் முதல் இன்னிங்ஸில் விதி வேறாக இருந்தது. மெர்ச்சண்ட் அடித்த பந்து எதிர்முனையில் நின்ற முஷ்தாக்கின் மட்டையில் பட்டுத் திரும்பி இங்கிலாந்துக்காரர் கையில் சேர, முஷ்தாக் 13 ரன்களோடு ரன் அவுட் ஆனார். கூட்டாளி அடித்த பந்தால் வந்த நஷ்டம் அது. இந்தியா 203 ரன்களுக்குள் அடங்கியது. இங்கிலாந்து ஹாமண்டின் 167 ரன்களோடு 8 விக்கெட்டுக்கு 571 எடுத்து நிறுத்திக் கொண்டது. இந்தியா 368 ரன்கள் பின்தங்கி நின்றது. பார்த்தவர்கள் ஆட்டம் முடிந்தது என்றே எண்ணினர்.

அந்த மாலை

ஜூலை 27, திங்கட்கிழமை. பொழுது சாயும் நேரம். இருபத்தொரு வயது முஷ்தாக்கும் இருபத்து நான்கு வயது மெர்ச்சண்டும் மறுபடியும் இறங்கினார்கள். எதிரே ஆலன், கோவர், வெரிட்டி, ராபின்ஸ், ஹாமண்ட் என்று பெயர் பெற்ற பந்து வீச்சாளர்கள். 368 ரன் கடன் தலைமேல் இருக்கும்போது யாரும் பதுங்கித்தான் ஆடுவார்கள். முஷ்தாக் பதுங்கவில்லை. முதலிலிருந்தே முன்னேறி அடித்தார். மெர்ச்சண்ட் மறுமுனையில் தூணாக நின்று, இளையவரை அவர் போக்கில் விட்டுக் கொடுத்தார்.

தொண்ணூறைத் தாண்டியபின் முஷ்தாக் இன்னும் வேகம் காட்டவே, எதிரணியின் ஹாமண்டே அருகில் வந்து, அவசரப்படாதே தம்பி, முதலில் நூறை முடித்துக்கொள் என்ற பொருள்பட அறிவுரை சொன்னாராம். போட்டிக் கடைக்காரர் வந்து நம் கல்லாவைப் பூட்டச் சொன்ன மாதிரி! அந்தப் பெருந்தன்மையை முஷ்தாக் பல்லாண்டு கழித்தும் சொல்லி மகிழ்ந்தார்.

அன்றைய ஆட்டம் முடிந்தபோது இந்தியா விக்கெட் இழப்பின்றி 190. முஷ்தாக் 106, மெர்ச்சண்ட் 79. அயல்நாட்டு மண்ணில் ஓர் இந்தியர் அடித்த முதல் டெஸ்ட் செஞ்சுரி அது. அன்று ஒரே நாளில் இரு தரப்பும் சேர்ந்து எடுத்த 588 ரன்களை வேறெந்த டெஸ்ட் நாளும் தாண்டியதில்லை.

மறுநாள் ஜோடி 203ஐ எட்டியபோது முஷ்தாக் 112ல் ஆட்டமிழந்தார். மெர்ச்சண்ட் 114 எடுத்தார். சென்னையைச் சேர்ந்த சி. ராமஸ்வாமி, நாற்பது வயதில் தம் முதல் டெஸ்டை ஆடியவர், முதல் இன்னிங்ஸில் 40ம் இதில் 60ம் எடுத்துத் தோள் கொடுத்தார். இந்தியா 5 விக்கெட்டுக்கு 390. பந்தயம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

தங்கக் கடிகாரம்

இனிச் சொல்லப்போவதே இந்த வரலாற்றின் உயிர்நாடி. அந்தச் சுற்றுப்பயணத்தின்போது அணித் தலைவர் முஷ்தாக் அலியை அழைத்து, மெர்ச்சண்டை வேண்டுமென்றே ரன் அவுட் ஆக்கிவிட்டால் ஒரு தங்கக் கடிகாரம் பரிசளிப்பதாகச் சொன்னார் என்று கிரிக்கெட் வரலாறு எழுதியோர் பதிவு செய்துள்ளனர். முஷ்தாக் என்ன செய்தார்? நேராகப் போய் அதை மெர்ச்சண்டிடமே சொல்லிவிட்டார். இருவரும் சிரித்துக் கொண்டார்கள்.

நேயர்களே, இதைச் சற்று நிதானித்துப் பாருங்கள். ஒருவர் ஓட மற்றவர் நின்றுவிட்டால் போதும், கூட்டாளி ஒழிந்தான். யாரும் குறை சொல்ல முடியாது, கவனப் பிசகு என்று போய்விடும். கேட்டவரோ தலைவர், நாளைக்கு இடம் கொடுப்பதும் மறுப்பதும் அவர் கையில். இவரோ வயதில் இளையவர். இத்தனைக்கும் இடையில் அமானிதத்தைக் காத்தார். கூட்டாளியின் முதுகுக்குப் பின்னால் பேசப்பட்டதைக் கூட்டாளியிடமே ஒப்படைத்தார். மான்செஸ்டரில் சேர்ந்த 203 ரன்களுக்கு மூலதனம் அந்த நம்பிக்கையே. கடையில் பங்காளிகள் பிரிவதும் குடும்பங்கள் உடைவதும் பெரும்பாலும் இப்படி மூன்றாமவர் காட்டும் ஏதோ ஒரு கடிகாரத்தால்தான் அல்லவா?

பின்னாட்கள்

அந்நாளில் பம்பாயில் சமூகவாரியாக அணி பிரித்து ஆடும் பெரும் போட்டி ஒன்று நடந்து வந்தது. 1944-45 இறுதியாட்டத்தில் முஸ்லிம் அணிக்கு முஷ்தாக்கும் இந்து அணிக்கு மெர்ச்சண்டும் தலைவர்கள். கே. ஸி. இப்ராஹீம் கடைசிவரை ஆட்டமிழக்காமல் நிற்க, முஸ்லிம் அணி ஒரே ஒரு விக்கெட் மீதமிருக்க வென்றது. தோற்ற மெர்ச்சண்ட் முஸ்லிம்களின் அறைக்கே வந்து முஷ்தாக்கை வாழ்த்தினார். நாடு இரண்டாகப் பிரியப் போகும் அனல் வீசிய நேரம் அது. எதிரெதிர் அணியில் நின்றும் அந்தக் கூட்டு முறியவில்லை.

அதே பருவத்தில் ரஞ்சிக் கோப்பை இறுதியாட்டத்தில் முஷ்தாக் ஹோல்கர் அணிக்காக 109ம் 139ம் எடுத்தார், ஆயினும் பம்பாயிடம் தோல்வியே கிடைத்தது. அவரோடு ஆடிய ஆங்கிலேயர் காம்ப்டன் 249 எடுத்தார். நூறுக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு ரன்னுக்கும் பணம் தருவதாகச் சொன்ன ஒரு செல்வந்தர், அவசர வேலையாக வெளியூர் போய்விட்டதாகச் சீட்டு எழுதி வைத்துவிட்டு மறைந்தாராம். வாக்குக் கொடுக்குமுன் கல்லாவைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

மக்கள் அவர்மேல் வைத்த அன்புக்கு அளவில்லை. 1945ல் ஆஸ்திரேலிய ராணுவ அணி வந்தபோது கல்கத்தா ஆட்டத்துக்கு அவரைச் சேர்க்கவில்லை. ஜனங்கள் தேர்வுக் குழுவின் துலீப்சிங்ஜியைச் சூழ்ந்துகொண்டு, முஷ்தாக் இல்லையேல் ஆட்டமே வேண்டாம் என்று முழங்கினர். அவரைச் சேர்த்த பிறகே ஆட்டம் நடந்தது. அவருடைய சமயத்தை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

1946ல் மீண்டும் இங்கிலாந்து சென்றார். அதே மான்செஸ்டரில் அதே மெர்ச்சண்டோடு 124 ரன் துவக்கம் தந்தார். 1947-48ல் ஆஸ்திரேலியா செல்லத் தேர்வாகியும், சகோதரர் காலமானதால் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. பிரிவினைக்குப் பிறகும் இந்தூரே அவர் ஊர். மறு பருவத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக, முப்பத்து நான்காம் வயதில், தம்மை நேசித்த அதே கல்கத்தாவில் 54ம் 106ம் எடுத்தார்.

அவருடைய கடைசி டெஸ்ட் நம் தாயகத்து மண்ணில், சென்னைச் சேப்பாக்கத்தில் 1952 பிப்ரவரியில் நடந்தது. எடுத்தது 22 ரன்தான். ஆனால் வினூ மங்கட் 12 விக்கெட் வீழ்த்த, இங்கிலாந்தை இன்னிங்ஸ் தோல்வி காணச் செய்து இந்தியா பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அது. இருபதாண்டுக் காத்திருப்பு நிறைவேறிய நாளில் முஷ்தாக் களத்தில் இருந்தார்.

ஐந்தொகை

பேரேட்டைப் பார்ப்போம். 11 டெஸ்ட், 612 ரன், இரண்டு செஞ்சுரி, சராசரி 32.21. மெர்ச்சண்டின் டெஸ்ட் சராசரி 47.72. கணக்கு மட்டும் பார்ப்பவன் முஷ்தாக்கைப் பத்தோடு பதினொன்றாக ஒதுக்கிவிடுவான். உலகம் அப்படி ஒதுக்கவில்லை. 1964ல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. இன்று இந்திய மாநில அணிகள் ஆடும் இருபது ஓவர்ப் போட்டிக் கோப்பை அவர் பெயரையே தாங்குகிறது. மகனும் பேரனும் முதல்தர கிரிக்கெட் ஆடினர். 2005 ஜூன் 18ந் தேதி, தொண்ணூறாம் வயதில், பிறந்த இந்தூரிலேயே அவர் வபாத்தானார்.

நம் பிள்ளைகளில் சிலர் பரீட்சையில் முதல் மார்க் வாங்குவதில்லை. சில கடைகள் ஆண்டு முழுதும் சுமாராகவே ஓடுகின்றன. சராசரியைக் காட்டி அவர்களைச் சிறுமைப்படுத்த வேண்டாம். சோதனை நாள் வரும்போது பதுங்காமல் நிற்கிறார்களா, கூட்டாளிக்குத் துரோகம் செய்யாமல் இருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த இரண்டு கேள்விக்கும் முஷ்தாக் அலி அவர்கள் மான்செஸ்டரில் பதில் சொல்லிவிட்டார்.

அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து மேலான பதவியை அளிப்பானாக. ஆமீன்.