ஸ்கிப் பட்டன் இல்லாத கட்சீன்: வின்ஸர் மெக்கே

கேம் ஆடும்போது கட்சீன் வந்ததும் உங்க கட்டைவிரல் எங்க போகும்? பெரும்பாலும் ஸ்கிப் பட்டனுக்குத்தான். ஆனா அதே மாதிரி ஒரு முப்பது செகண்ட் கட்சீனை யூனிட்டியிலயோ அன்ரியல்லயோ நீங்களே செஞ்சு பாருங்க. டைம்லைன்ல கீஃப்ரேம் வைக்கணும். பாத்திரம் சும்மா நிக்கும்போதும் அதுக்கு மூச்சு இருக்கணும். பேச்சும் அசைவும் ஒண்ணா விழணும். செஞ்சு முடிச்சவங்க யாரும் ஸ்கிப் பட்டனை அவ்வளவு சுலபமா அழுத்த மாட்டாங்க!

இந்த வேலையை 1914-லயே வெறும் பேப்பரும் மையும் வச்சு செஞ்சவர் வின்ஸர் மெக்கே. அவரைப் பத்திதான் இந்தக் கட்டுரை.

மெக்கே வளர்ந்தது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில். பையன் வியாபாரம் படிக்கட்டும்னு அப்பா அவரை ஒரு பிசினஸ் காலேஜுக்கு அனுப்பினார். (எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கா?) பையன் கிளாஸைக் கட் அடிச்சிட்டு டெட்ராய்ட் போய், காசு கொடுத்து வேடிக்கை பார்க்கிற காட்சிக்கூடம் ஒன்றில் வர்றவங்க முகத்தை வரைஞ்சு சம்பாதிச்சார். ஜான் குடிசன் என்ற ஆசிரியர் அவருக்கு பெர்ஸ்பெக்டிவ் சொல்லிக் கொடுத்தார். முறையா அவர் கத்துக்கிட்டது கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அப்புறம் சின்சினாட்டியில் போஸ்டர் வேலை. 1903-ல் நியூயார்க் ஹெரால்ட் பத்திரிகையில் வேலை. 1905-ல் அதில் ஆரம்பிச்ச 'லிட்டில் நீமோ இன் ஸ்லம்பர்லேண்ட்' என்ற காமிக்ஸ் அவரைப் பிரபலமாக்கியது. 1906-லிருந்து மேடை ஏறி, கூட்டத்துக்கு முன்னாடி கரும்பலகையில் வேகவேகமா படம் வரைஞ்சு காட்டினார்.

மகன் ராபர்ட் கையில் இருந்த ஃபிளிப்புக்கைப் பார்த்துத்தான் அனிமேஷன் யோசனை வந்ததுன்னு அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கார். 1911-ல் லிட்டில் நீமோ பாத்திரங்களை வச்சு முதல் படம். சுமார் 4,000 வரைபடங்கள். அடுத்த வருஷம் ஒரு கொசுவை வச்சு இன்னொரு படம். பார்த்தவங்களில் சிலர் இதில் ஏதோ ஒயர் வச்சு ஏமாத்து வேலை நடக்குதுன்னு நினைச்சாங்க. அப்போ யாருமே நிஜத்தில் கொண்டுவர முடியாத ஒரு மிருகத்தை வரைஞ்சா? அப்படிப் பிறந்ததுதான் கெர்ட்டி என்ற டைனோசர்.

1914 பிப்ரவரி, சிகாகோ. மேடையில் கையில் சாட்டையோட மெக்கே. பின்னாடி திரையில் கெர்ட்டி. அவர் கூப்பிட்டதும் அது குகையிலிருந்து எட்டிப் பார்க்குது. வணக்கம் வைக்கச் சொன்னா வைக்குது. காலைத் தூக்கச் சொன்னா தூக்குது. திட்டினா அழுவுது. அவர் அட்டையில் செஞ்ச ஆப்பிளை எறியிற மாதிரி எறிஞ்சு கையில் மறைச்சுக்குவார். அதே நொடியில் திரையில் ஒரு ஆப்பிள் வந்து கெர்ட்டி வாயில் விழும். கடைசியில் மெக்கே திரைக்குப் பின்னாடி நடந்து போவார். உடனே வரைஞ்ச மெக்கே ஒருத்தர் திரைக்குள்ள வருவார். கெர்ட்டி அவரைத் தூக்கிக்கிட்டுப் போயிடும்.

இங்க கொஞ்சம் நில்லுங்க. கேம் எஞ்சினில் நீங்க ஒரு ட்ரிக்கர் வச்சா, ஆடுறவர் அந்த இடத்துக்கு வர்ற வரைக்கும் அனிமேஷன் காத்திருக்கும். ஃபிலிம் ரோல் யாருக்காகவும் காத்திருக்காது. அதனால எஞ்சின் செய்யிற வேலையை மெக்கே தன் உடம்பாலயே செஞ்சார். எந்த நொடியில் பேசணும், எந்த நொடியில் கை ஓங்கணும்னு எல்லாம் அவருக்கு மனப்பாடம். மௌனப்படக் காலம் இல்லையா, ஆடியோ ட்ராக்கும் அவரேதான்!

கெர்ட்டிக்கு சுமார் 10,000 வரைபடங்கள் தேவைப்பட்டது. அப்போ அவர் செல்லுலாய்ட் தாள் பயன்படுத்தலை, அதனால லேயரே கிடையாது. மலை, மரம், ஏரி எல்லாத்தையும் ஒவ்வொரு தாளிலும் திரும்ப வரையணும். பக்கத்து வீட்டு இளைஞர் ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் அந்த வேலையைப் பார்த்தார். படம் ஆடாம இருக்க தாளின் மூலைகளில் சிலுவைக்குறி போட்டு ஒண்ணுமேல ஒண்ணு சரியா பொருத்தினாங்க.

நம்ம வேலைக்கு நேரடியா உதவுறது அவரோட கணக்குதான். ஒரு அசைவோட முதல் நிலையையும் கடைசி நிலையையும் முதலில் வரைவார். அப்புறம் நடு நிலை. அப்புறம் ஒவ்வொரு பாதிக்கும் நடு. பைனரி சர்ச் மாதிரி இடைவெளியைப் பாதி பாதியா குறைச்சுக்கிட்டே போவார். அசைவு எவ்வளவு நேரம்னு ஸ்டாப்வாட்சில் அளந்துக்குவார். கெர்ட்டி மூச்சு விடுற நேரத்துக்குத் தன்னோட மூச்சையே அளந்தார். திரும்பத் திரும்ப வர்ற அசைவுக்கு அதே தாள்களையே மறுபடி படம் பிடிச்சார். கீஃப்ரேம், இன்பிட்வீன், ஐடில் லூப் எல்லாம் இதில் இருக்கு.

இந்த முறைக்கு அவர் பேட்டன்ட் வாங்கலை. ஜான் பிரே என்பவர் பத்திரிகையாளர்னு சொல்லிக்கிட்டு வந்து எல்லாத்தையும் பார்த்துட்டுப் போய், பேட்டன்ட் வாங்கி, மெக்கே மேலயே வழக்கும் போட்டார். வழக்கில் ஜெயிச்சது மெக்கே.

ஆனா சம்பளம் கொடுக்கிறவர்கிட்ட அவரால ஜெயிக்க முடியலை. 1911-லிருந்து அவர் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட்டோட ஊழியர். பத்திரிகை வேலை கெடுதுன்னு ஹெர்ஸ்ட் அவரோட மேடை நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தினார். தலையங்கத்துக்குப் படம் வரையிறதுதான் முக்கிய வேலையாச்சு. கூட்டத்தோட பேசின டைனோசர் மேடையை விட்டு இறங்கிடுச்சு.

1915 மே 7-ல் லூசிடானியா கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடிச்சதில் சுமார் 1,200 பேர் செத்தாங்க. அமெரிக்கா போருக்குப் போகக் கூடாதுங்கிறது ஹெர்ஸ்ட்டோட கருத்து. மெக்கே ஆபீஸில் அதுக்கேத்த கார்ட்டூன் வரைஞ்சார். வேலை முடிஞ்ச நேரத்தில், சொந்தக் காசில், அந்தக் கப்பல் மூழ்குறதைப் படமா வரைஞ்சார். அந்த நிகழ்வை எந்த கேமராவும் பிடிக்கலை. சுமார் 25,000 வரைபடங்கள். இந்த முறை செல்லுலாய்ட் தாள். 1918-ல் படம் வெளிவந்துச்சு. தூரத்திலிருந்து ஒரு நியூஸ்ரீல் கேமரா பார்க்கிற மாதிரி கப்பல் மெதுவா சாயும், புகை எழும். கடைசியில் தண்ணிக்குள்ள ஒரு தாய், கையில் குழந்தையோட. அந்த இடத்தில் அவர் அவசரப்படலை.

1921-க்குப் பிறகு அவர் புதுசா அனிமேஷன் படம் எதையும் வெளியிடலை. 1934-ல் இறந்தார். இடைப்பட்ட வருஷங்களில் அனிமேஷன் ஸ்டுடியோக்கள் பெருகி, அது பெரிய தொழிலாவே மாறிடுச்சு. பத்திரிகைக்கு மட்டும் கடைசி வரை வரைஞ்சுக்கிட்டே இருந்தார்.

நம்மில் பாதிப் பேர் கையில் இப்போ ஆஃபர் லெட்டர் இருக்கு. வேலைக்குப் போனப்புறம் நம்ம ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு என்ன ஆகும்னு மெக்கேவை வச்சு யோசிச்சுப் பாருங்க. ராத்திரிகளில் உக்காந்து லூசிடானியாவை முடிச்சவரும் அவர்தான், மேடையை விட்டுக்கொடுத்தவரும் அவர்தான்.

இந்த வாரக் கடைசியில் எஞ்சினைத் திறந்து, காலி சீனில் ஒரு கேப்ஸ்யூலை வைங்க. ஃபோனில் ஸ்டாப்வாட்ச் ஆன் பண்ணி உங்க மூச்சை அளங்க. அந்த நேரத்துக்கு மூணே கீஃப்ரேம் போட்டு, லூப் பண்ணி, ப்ளே அழுத்துங்க. கேப்ஸ்யூல் உயிரோட இருக்கிற மாதிரி தெரிஞ்சா, உங்க முதல் கட்சீன் ஆரம்பிச்சாச்சு.