சித்திரவதைக்கு எதிராகச் சாட்சி திரட்டிய வணிகர்

நாட்டின் மூன்று முதன்மைக் குற்றவியல் சட்டங்களும் 2024 ஜூலை 1 முதல் புதிய வடிவில் நடைமுறைக்கு வந்துவிட்டன. காலத்துக்கேற்பச் சட்டங்கள் மாறுவது இயல்பே. ஆனால், விசாரிப்போரின் அதிகாரம் விரியும்போது விசாரிக்கப்படுவோரின் பாதுகாப்பும் உடன் விரிய வேண்டாமா? 170 ஆண்டுகளுக்கு முன் சென்னை மாகாணத்தில் இக்கேள்வியை வலுவாக எழுப்பியவர் கஜுலு லட்சுமிநரசு செட்டி.

அவர் சென்னையில் 1806-இல் வணிகக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையின் துணி, அவுரி வணிகத்தைத் தாமும் ஏற்று நடத்திப் பெரும் பொருள் ஈட்டினார். ஈட்டியதைப் பொதுக் காரியங்களில் இறக்கியதுதான் அவரை மற்ற வணிகர்களிடமிருந்து வேறுபடுத்தியது. 1844-இல் 'கிரசென்ட்' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். 1852-இல் சென்னைவாசிகள் சங்கத்தை நிறுவினார். அவ்வாண்டின் இறுதியில் அச்சங்கம் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பம், நிலவரி வசூலில் உழவர்கள் படும் துன்பங்களை முன்வைத்தது.

அத்துன்பங்களின் வேர், நிர்வாக அமைப்பிலேயே இருந்தது. 1816-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வரி வசூலிக்கும் ஆட்சியரே குற்றவியல் நடுவர். வட்டத்தில் வரி தண்டும் தாசில்தாரே காவல் தலைவர். வசூல் குறைந்தால் தாசில்தாரின் பதவிக்கு ஆபத்து. பயிர் பொய்த்தாலும் வரி பொய்க்கக் கூடாது. இலக்கை எட்ட வேண்டிய நெருக்கடியும், யாரையும் பிடித்துவைக்கும் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை அறியப் பொருளியல் கோட்பாடு எதுவும் தேவையில்லை.

விரல்களை இரு கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் ஆகியவை வரி வசூலின் கருவிகளாயின. திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவர்களிடம் ஒப்புதல் வாக்குமூலம் பெறவும் இவையே உதவின. யாரிடம் முறையிடுவது? அடித்தவரின் மேலதிகாரியிடம்தான் முறையிட வேண்டும்.

இந்தச் சுழலை உடைக்க லட்சுமிநரசு தேர்ந்த வழி, பாதிக்கப்பட்டோரையே சாட்சிகளாக முன்னிறுத்துவது. 1853 அக்டோபரில் சென்னை வந்த இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி செய்மோரைக் கடலூர் உள்ளிட்ட மாகாணத்தின் பல பகுதிகளுக்கு அழைத்துச் சென்றார். கடலூர் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகர். ரிஷிவந்தியம், கள்ளக்குறிச்சி வட்டார உழவர்களும் அம்மாவட்ட நிர்வாகத்துக்கே வரி செலுத்தி வந்தனர்.

நாடு திரும்பிய செய்மோர், 1854 ஜூலையில் நாடாளுமன்றத்தில் இக்கொடுமையை எடுத்துரைத்தார். கம்பெனி அரசால் அதன்பின் மறுத்துக்கொண்டிருக்க முடியவில்லை. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட சித்திரவதை விசாரணை ஆணையம் அமைந்தது. சென்னையில் அமர்ந்த அந்த ஆணையத்திடம் மாகாணமெங்குமிருந்து நேரிலும் கடிதம் வழியாகவும் 1,900-க்கும் மேற்பட்ட முறையீடுகள் குவிந்தன.

1855-இல் வெளியான அறிக்கை, சித்திரவதை பரவலாக நடப்பதை உறுதி செய்தது. ஐரோப்பிய அதிகாரிகளைப் பொறுப்பிலிருந்து விடுவித்துப் பழியைக் கீழ்நிலை ஊழியர்கள்மீது சுமத்தியது அதன் பெருங்குறை. எனினும், வருவாய்ப் பணியையும் காவல் பணியையும் பிரிக்க வேண்டும் என்ற அதன் பரிந்துரை வீண்போகவில்லை. 1859-இல் சென்னை மாகாணக் காவல் சட்டம் பிறந்தது. காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கு எதிரான சாட்சியமாகாது என்ற விதி, 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், பின்னர் 1872 சாட்சியச் சட்டத்திலும் இடம்பெற்றது.

லட்சுமிநரசுவுக்கு அரசின் சி.எஸ்.ஐ. பட்டமும், 1863-இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினர் பதவியும் வந்தன. ஆனால், செல்வம் கரைந்துவிட்டது. 1868-இல் அவர் வறுமையிலேயே மறைந்தார்.

அவர் காலத்துப் போராட்டத்தின் பயன் இன்றும் சட்டத்தில் வாழ்கிறது. காவல் துறையிடம் அளிக்கும் வாக்குமூலம் செல்லாது என்ற விதியைப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமும் 23-ஆவது பிரிவில் காத்துள்ளது. வரி பாக்கிக்காக ஒருவரைச் சித்திரவதை செய்யும் வருவாய் அதிகாரி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-ஆவது பிரிவில் இன்றும் ஓர் எடுத்துக்காட்டாக நிற்கிறார்.

அதே வேளையில், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆவது பிரிவு கவலையளிக்கிறது. கைதான முதல் 15 நாள்களுக்குள் முடிந்துவிட்ட போலீஸ் காவலை, இனி குற்றத்தின் தன்மைக்கேற்ப முதல் 40 அல்லது 60 நாள்களுக்குள் பகுதி பகுதியாகக் கேட்டுப் பெறலாம். மொத்தம் 15 நாள்கள்தான் என்றாலும், நீதிமன்றக் காவலுக்குச் சென்றவர் மீண்டும் காவல் நிலையத்துக்கே கொண்டுவரப்படலாம் என்ற அச்சம் நீள்கிறது. சோதனையையும் பறிமுதலையும் காணொலியில் பதிவு செய்யக் கட்டாயமாக்கும் 105-ஆவது பிரிவு வரவேற்கத்தக்கது. விசாரணை அறைக்கும் அத்தகைய கட்டாயம் வேண்டும்.

1859-இல் வருவாய்த் துறையிலிருந்து காவல் பிரிக்கப்பட்டது, சித்திரவதை ஒழியவில்லை. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் உயிரிழந்தனர். 2025-இல் திருப்புவனத்தில், நகை காணாமல்போன புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி உயிரிழந்தார். வரி இலக்கின் இடத்தில் இன்று வழக்கை விரைந்து முடிக்கும் நெருக்கடி இருக்கிறது. ஆக, துறைகளைப் பிரிப்பது மட்டும் போதாது. காவல் துறை மீதான புகாரைக் காவல் துறை சாராத ஓர் அமைப்பு விசாரிக்க வேண்டும். காவல் நிலையக் கேமரா பதிவுகள் அந்த அமைப்பின் பொறுப்பில் இருக்க வேண்டும். காவலை நீட்டிக்கும் நடுவர், கைதானவரை நேரில் பார்த்து, தனியே கேட்டறிந்த பின்னரே ஆணையிட வேண்டும்.

அடித்தவரின் மேலதிகாரியிடமே முறையிட வேண்டிய நிலையை மாற்றத்தான் லட்சுமிநரசு தம் பொருளைச் செலவிட்டார். அந்நிலை முற்றிலும் மாறும் வரை, அவர் தொடங்கிய பணி முடிந்ததாகக் கருத முடியாது.